குட்டி ரயில் கண்காட்சிக்குப் பத்மநாபன் போன வெள்ளிக்கிழமை

குட்டி ரயில்களுக்கென்று ஒரு கண்காட்சி நடக்கிறது என்பதே அமீரகத்துப் புஜைராவில் பாதிப் பேருக்குப் பத்மநாபன் சொல்லித்தான் தெரியும். துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் வைத்திருக்கும் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர், திருச்சிக்காரர், ஆள் பரம சாது. ஆனால் துபாயில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும் அந்தக் கண்காட்சியைப் பற்றி யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. கேட்டவருக்கு டீ ஆறிப்போய்விடும்.

"கதவு தொறக்கறப்பவே உள்ள இருக்கணும் சார். வாசல்ல இருக்கற மேஜையிலதான் எல்லாரும் மொய்ப்பாங்க, நீங்க நேரா கடைசிக்குப் போயிட்டு அங்கேருந்து திரும்பி வாங்க. மெத்துன்னு ஷூ போட்டுக்கங்க, நாள் பூரா நிக்கணும்ல? மேலேருந்து பாக்காதீங்க. குனிஞ்சு, தண்டவாள மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டு வாங்க, அப்பத்தான் ரயில் ரயிலாத் தெரியும். ஓட்டறவர்கிட்ட ரயில் நிக்கறப்ப மட்டும் பேசுங்க. கை பின்னாடியே இருக்கட்டும்." இப்படி அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் குரலைத் தாழ்த்துவார்: "முக்கியமா, ரயில் பைத்தியம் இல்லாத ஆளைக் கூட்டிட்டுப் போகவே கூடாது."

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த மனுஷன் இந்தக் கடைசி விதியை ஒரு வருஷமாவது கடைப்பிடித்தாரா என்றால், இல்லை. எங்கே கடைப்பிடிப்பது? வளைகுடாவில் கார் வைத்திருப்பவன் வெள்ளிக்கிழமை துபாய் போகிறான் என்றால் அது கட்டடத்துக்கே பொதுவான பயணம். பக்கத்து ஃபிளாட்காரர் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல நாக்கு வராது. சொல்லிவிட்டு மறுநாள் லிஃப்டில் எந்த முகத்தோடு நிற்பது!

இரண்டாயிரத்து ஏழாம் வருஷக் கண்காட்சி அவருக்கு மற்ற வருஷங்களைப் போல இல்லை. பார்க்க வருகிறவர்களும் தங்கள் சொந்த இன்ஜினைக் கொண்டுவந்து, ஹாலையே சுற்றி வரும் பெரிய தண்டவாளத்தில் ஓட்டலாம் என்று அந்த வருஷம்தான் சொன்னார்கள். பத்மநாபன் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். மாலை நான்கு மணி அவருடைய முறை. அவரிடம் ஒரு நீல டீசல் இன்ஜின் இருந்தது. வெற்று உலோகமாக வாங்கி, மாதக்கணக்கில் உட்கார்ந்து அவரே வண்ணம் அடித்தது. வீட்டில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றித்தான் அதற்குப் பாதை. கிளம்பினால் வளைவு, நிமிர்ந்தால் வளைவு. பாவம், ஒரு நேர்ப்பாதையில் அது வேகமெடுத்து அவர் பார்த்ததே இல்லை.

இன்னொன்றும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, மனைவி பிரபாவதியிடம்கூட. அடுத்த மாதம் முதல் அவரை ஓமானில் சோஹாருக்கு மாற்றியிருந்தார்கள். கேம்ப்பில் தனி ஆளாகத் தங்க வேண்டும், குடும்பத்துக்கு விசா கிடையாது. பிரபாவதியும் மகள் சுஷ்மிதாவும் திருச்சிக்குப் போய்விட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை போகட்டும், சனிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு வாரமாக விழுங்கிக்கொண்டு திரிந்தார். ஒரே ஒரு தடவை அந்த இன்ஜின் ஆசை தீர ஓடட்டும், பிறகு எது வந்தாலும் வரட்டும் என்ற எண்ணம்.

வியாழக்கிழமை மாலை பக்கத்து ஃபிளாட் ஜான் பீட்டர் கதவைத் தட்டினார். குளச்சல்காரர், கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் டெக்னீஷியன்.

"சாரே, நாளைக்கி துபாய் போறியளாமே? என் மச்சான் கிளிட்டஸ் நாளைக்கி ஊருக்குப் போறான். ஷார்ஜா ரோலாவுலதான் ரூம். ரெண்டு பால்பவுடர் டின்னும் கொஞ்சம் சாமானும் குடுத்து உடணும். போற வழிதானே?"

"அதுக்கென்ன, வாங்க" என்றார் பத்மநாபன்.

கிளம்பும்போதே தாமதம். ஜான் பீட்டரின் மனைவி அருள்செல்விக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடிந்து, தூங்கி எழுந்து குளித்துவிட்டு வர மதியமாயிற்று. இன்ஜினைப் பழைய பால்பவுடர் டின் ஒன்றில் மெத்தைத் துணி சுற்றி வைத்து, அதைப் பிரபாவதி மடியில் கொடுத்திருந்தார் பத்மநாபன். மசாஃபி சந்தை வந்ததும் ஜான் பீட்டர், "ஒரு நிமிசம் சார், மாம்பழம்" என்றார். அந்த ஒரு நிமிஷம் அரை மணி நேரம் நீண்டது. மாம்பழப் பெட்டி பின்சீட்டில் ஏறியதும் சுஷ்மிதா அம்மா மடிக்குப் போனாள், டின் டிக்கிக்குப் போனது. பத்மநாபன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் இதைக் கவனிக்கவில்லை.

ரோலாவில் வண்டி நிறுத்த இடம் ஏது? இரட்டை வரிசையில் நிறுத்தினார், பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. "நீங்க எறங்காண்டாம் சார், நான் எடுத்துக்கிடுதேன்" என்று ஜான் பீட்டரே டிக்கியைத் திறந்து, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மனைவியோடு மேலே போனார். மச்சானை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு அங்கேயே காத்திருப்பதாகவும், திரும்பும்போது ஏற்றிக்கொண்டால் போதும் என்றும் ஏற்பாடு. அப்பாடா என்று பத்மநாபன் காரை விரட்டினார்.

நாலுக்குக் கொஞ்சம் முன்பே போய்ச் சேர்ந்தார்கள். அவருக்கே நம்ப முடியவில்லை. "டின்னைக் குடு பிரபா."

"டிக்கியில வெச்சேங்க."

டிக்கியில் ஒரு ஸ்டெப்னி டயர் மட்டும் இருந்தது.

பத்மநாபன் ஜான் பீட்டருக்குப் போன் போட்டார். எதிர்முனையில் ஏர்போர்ட் இரைச்சல்.

"டின்னா? மூணு கண்டேன் சார். அருள்செல்வி ஒண்ணு கூடுதலா வாங்கி வெச்சிருக்கான்னுல்லா நெனச்சேன்! எல்லாத்தையும் பெட்டியில வெச்சு, டேப் ஒட்டி, கயிறும் கெட்டி..."

"பெட்டியைப் பிரிங்க! இப்பவே பிரிங்க ஜான்!"

"எங்க சார் பிரிக்க? வெயிட்டு போட்டு உள்ள உட்டாச்சு. கிளிட்டஸும் உள்ள போயாச்சு. ஐயோ, என்ன காரியம் செஞ்சுட்டேன்... ஊருக்குப் போனதும் பத்திரமா எடுத்து வெக்கச் சொல்லுதேன் சார், கேட்டியளா?"

ஹாலுக்குள் போனார்கள். மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். பொறுப்பாளரான வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே கை கொடுத்துத் தண்டவாளத்தைக் காட்டினார். அவருக்காக எல்லா ரயில்களையும் ஓரங்கட்டியிருந்தார்கள். ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நேராக, ஒரு வளைவு இல்லாமல் காலியாகக் கிடந்தது பாதை. இன்ஜின் வரவில்லை என்று பத்மநாபன் அரைகுறையாகச் சொன்னார்.

"போகுது விடுங்க" என்று பிரபாவதி அவர் தோளைத் தொட்டாள். "அடுத்த வருஷம் ஓட்டிக்கலாம்."

அவ்வளவுதான். பத்து வருஷமாக யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷன் வெடித்தார்.

"அடுத்த வருஷம் எனக்கு ஏதுடி? மாம்பழமாம், மச்சானாம், எவன் கேட்டாலும் பல்லை இளிச்சிட்டு ஏத்திக்கறேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்! அடுத்த மாசம் சோஹாருக்குத் தூக்கிப் போட்டுட்டானுங்க. நான் கேம்ப்ல கெடப்பேன், நீங்க ரெண்டு பேரும் திருச்சியில இருப்பீங்க. அடுத்த வருஷமாம்!"

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மொழி புரியாவிட்டாலும் கோபம் புரிந்திருக்கும். சுஷ்மிதா அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பத் தெரியும்?" என்றாள் பிரபாவதி.

"போன வாரம்."

"முடிவாயிடுச்சா?"

தலையாட்டினார். அவள் அந்தக் காலித் தண்டவாளத்தைப் பார்த்தாள். பிறகு, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"ஒரு இன்ஜின் ஊருக்குப் போயிடுச்சுன்னு இந்தக் குதி குதிக்கறீங்க. நாங்க ஊருக்குப் போறதுக்கு ஒரு வாரமா உங்க வாயில ஒரு வார்த்தை வரலையே."