நீலப் புகை விட்ட லேண்ட்மாஸ்டர்

திருவள்ளூர் ஸ்டேஷன் வாசலில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த சடையப்பனுக்கு எழுபத்து நாலாம் வருஷக் கோடையில் தூக்கமே போய்விட்டது. காரணம் புகை. பீடிப் புகை என்று நினைத்துவிடாதீர்கள், அந்தப் பழக்கமெல்லாம் அவனுக்குக் கிடையாது. அவனுடைய லேண்ட்மாஸ்டர் கார் பின்னால் விட்ட புகை. ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தால் போதும், குபுகுபுவென்று நீலமாகக் கிளம்பும். பின்னால் வருகிற சைக்கிள்காரன் கண்ணைக் கசக்கிக்கொண்டே சடையப்பனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவான். அவன் திட்டிவிட்டுப் போகட்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் திட்டினால்தான் பிழைப்பு போகும்.

டாக்ஸி என்றால் வருஷா வருஷம் எஃப்.சி. வாங்கியாக வேண்டும். இந்த வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் மாதத்துக்கு ஒரு நாள் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் கேம்ப் போடுவார். சடையப்பனை இரண்டு கேம்ப்பில் திருப்பி அனுப்பியாகிவிட்டது. இரண்டாம் தடவை அவர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"இன்னாய்யா இது, கொசு மருந்து அடிக்கிற வண்டியா? அடுத்த கேம்ப்புலயும் இதே மாதிரி இட்டுக்கினு வந்தே, பர்மிட்டக் கேன்சல் பண்ணச் சொல்லி எழுதிடுவேன். அப்புறம் என் மேல வருத்தப்படாத."

போனால் போகட்டும், வேறு பிழைப்பா இல்லை என்று கேட்பீர்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிடலாம். சடையப்பன் ஊத்துக்கோட்டை ரோட்டில் இருபோகம் நெல் விளைகிற கிணற்றுப் பாசன நிலத்தில் பங்கு வைத்திருந்தவன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி வரப் போகிறது என்று நிலம் பார்க்க ஆபீசர்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போன ஒரு டாக்ஸிக்காரனுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லாததைப் பார்த்தான். அவ்வளவுதான், புத்தி அங்கேயே நின்றுவிட்டது. தன் பங்கை அண்ணன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் ஏற்கெனவே யார் யாரோ ஓட்டித் தேய்த்த இந்தக் காரை வாங்கிக்கொண்டு வந்து திருவள்ளூரை ஒட்டின மணவாள நகரில் குடியேறினான். அந்த மகராசன் பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆக, அந்த நிலம்தான் இந்தக் கார். கார் நின்றால், நாளைக்கு அண்ணன் வயலிலேயே கூலிக்கு இறங்கி நிற்க வேண்டும்.

மெக்கானிக் ஆசீர்வாதம் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"சிலிண்டரு போரு உள்ளார தேஞ்சி பூடுச்சிண்ணே. ஆயில் மேல ஏறி எரியுது. எஞ்சினையே புதுசா வேலை பாக்கணும்."

"அதுக்கு எங்கடா போவேன்? கேம்ப் நாளான்னிக்கு!"

"அப்ப ஒரு நாள் கூத்துக்குத்தான் வழி பண்ண முடியும். கெட்டி ஆயிலா ஊத்தித் தரேன். ஊட்டாண்ட காலைல ஸ்டார்ட் பண்ணு, ஒரு கால் மணி நேரம் புகையைக் கக்கி முடிக்கும். அப்புறம் அடங்கிக்கும். ஆனா ஒண்ணு, வழியில எங்கயும் ஆப் பண்ணிடாத. ஆப் பண்ணிட்டுத் திருப்பிக் கிளப்பினா ஆயில் எறங்கிக்கினு குபீர்னு கொட்டும். அப்புறம் அந்த ஆண்டவனே வந்தாலும் நிறுத்த முடியாது."

சடையப்பன் இதைத் தூக்கத்தில்கூடச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். ஆப் பண்ணாதே, ஆப் பண்ணாதே. மறுநாள் அமாவாசை. வீரராகவப் பெருமாளைச் சேவிக்க ஊரெல்லாம் திரண்டு வந்தது. மற்ற டாக்ஸிக்காரர்களுக்கு நல்ல சவாரி. இவன் மட்டும் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி கெங்கம்மாள் கோயில் குளத்துக்குப் போய்விட்டுத் தலை ஈரத்தோடு வந்தாள். பிள்ளைகளுக்குக்கூட இப்படி வேண்டிக்கொண்டதில்லை என்று சொன்னாள். அவன் காதில் எதுவும் ஏறவில்லை.

கேம்ப் அன்று காலையில் ஆசீர்வாதம் சொன்னபடியே நடந்தது. வாசலில் கால் மணி நேரம் தெருவே தெரியாத அளவுக்குக் கக்கிவிட்டு, வண்டி பதவிசாக அடங்கியது. சடையப்பன் பின்னால் போய்க் குனிந்து பார்த்தான். புகை இல்லை! மெல்லிசாக ஒரு ஆவி, அவ்வளவுதான். கெங்கம்மாள் எலுமிச்சம்பழமும் சூடமுமாக வந்து தானும் கூட வருவேன் என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த வண்டியில் ஏறியதே இல்லை, சவாரிக்கு உள்ள சீட்டில் வீட்டுக்காரி உட்காரக் கூடாது என்று அவளாகவே வைத்துக்கொண்ட ஏற்பாடு. அன்றைக்கு ஏறி, சீட்டு நுனியில் பட்டும் படாமல் உட்கார்ந்துகொண்டாள்.

மைதானத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். வளைவு திரும்பினால் கேம்ப் தெரியும். அந்த இடத்தில் வண்டி ஒரு முறை இருமியது. அப்புறம் இரண்டு முறை குலுங்கியது. சடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். "ஏய், ஏய், நின்னுடாதடா கண்ணு, நின்னுடாதடா" என்று கெஞ்சினான். வண்டி நின்றுவிட்டது.

பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்ப்பைக் கழற்றினான். வடிகட்டி முழுக்கப் பழுப்பாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. துருவாக இருக்கும் என்று விரலால் வழித்தான். பிசுபிசுவென்று ஒட்டியது. துரு இப்படி ஒட்டாதே! நாக்கில் வைத்துப் பார்த்தான். பெட்ரோல் நெடிக்கு நடுவில் இனித்தது.

"இன்னாமே இது? வெல்லமா?"

கெங்கம்மாள் இறங்கி வந்து பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நான்தான் போட்டேன்."

"எங்க போட்டே?"

"கொளத்துல பாதியக் கரைச்சேன். ஒடம்புல கட்டி, மரு வந்தா அங்க வெல்லம் போட்டு வேண்டிக்குவாங்க இல்ல, வெல்லம் கரையிற மாதிரியே நோவும் கரைஞ்சிடும்னு. வண்டிக்குத்தான நோவு, அதுக்கும் கொஞ்சம் குடுக்கலாம்னு மீதியப் பொடி பண்ணி எடுத்தாந்தேன். புகை பின்னாடிதான வருது? அதான் நேத்து ராத்திரி நீ தூங்கினப்புறம் பின்னாடி இருக்கிற மூடியத் தொறந்து போட்டேன்."

சடையப்பன் ரோட்டோரம் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து கத்தினான். பக்கத்து ஏரிக்கரையில் இருந்த கொக்கெல்லாம் பறக்கிற மாதிரி கத்தினான். "அறிவிருக்காடி உனக்கு? குடியக் கெடுத்துட்டியே பாவி! என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்தக் கடைசிக் கேள்விக்கு அழுகை நின்றுவிட்டது.

"நெலத்த எழுதிக் குடுத்தப்ப நீ என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

அவன் குனிந்து வடிகட்டியைக் கையில் எடுத்தான். அவள் முந்தானையைக் கிழித்து அதைத் துடைக்கக் கொடுத்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து பைப்பை ஊதி, தட்டி, துடைத்தார்கள். ஊதி ஊதி அவன் வாயெல்லாம் பெட்ரோல். கை மட்டும் வேலை செய்தது, மனசு ஏற்கெனவே அண்ணன் வயல் வரப்பில் போய் நின்றிருந்தது.

ஒருவழியாக வண்டி கிளம்பியது. கிளம்பின வேகத்தில் கொட்டியது பாருங்கள் புகை, ஆசீர்வாதம் சொன்னதற்கு மேலேயே! அப்படியே கொட்டிக்கொண்டே மைதானத்துக்குள் போய் நின்றது. வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் விசில் அடித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். கிட்டத்தில் வந்து பின்பக்கத்தை முகர்ந்தார். சந்தேகமாகி, பெட்ரோல் மூடியைத் திறக்கச் சொல்லி அதையும் முகர்ந்தார்.

"கிருஷ்ணாயில் கலந்திருக்கியா? இல்ல, வேற இன்னாத்தயாவது ஊத்திக்கினு வந்தியா? உண்மையச் சொல்லு."

சடையப்பன் தலையைக் குனிந்துகொண்டான். கெங்கம்மாள்தான் முன்னால் வந்தாள்.

"அவரு ஒண்ணும் கலக்கல சார். நான்தான் வெல்லம் போட்டேன். சாமிக்கு வேண்டிக்கினு போட்டேன். அவருக்குத் தெரியாது."

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அவரும் அந்த ஊர்க் கோயிலுக்கு அமாவாசை தவறாமல் வருகிறவர். அவளை ஒரு தரம் பார்த்தார். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டு நின்றார். சடையப்பனுக்கு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், ஆசை வந்துவிட்டது.

"அம்மா, இந்த எஞ்சின்ல உயிரு இல்லம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "இதுல சனங்கள ஏத்திக்கினு போகச் சொல்லி என்னால கையெழுத்துப் போட முடியாது. டாக்ஸின்னு மேல அடிச்சிருக்கிற மஞ்சப் பெயிண்ட்ட அழிச்சிடுங்க. இனிமே சவாரி ஏத்தக் கூடாது." சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

திரும்பி வருகையில் சடையப்பன் கண்ணைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. பிழைப்பு போய்விட்டது. ஊருக்குப் போய் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது என்று அது ஒன்றே மண்டைக்குள் சுற்றியது. வெல்லம் போடாமல் இருந்திருந்தால் இந்த ஒரு தரம் தப்பித்திருக்கலாம். தப்பித்திருந்தால் மட்டும் என்ன, அடுத்த மாதமே எஞ்சின் நடுரோட்டில் நின்றிருக்கும். அதுவும் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்து என்ன பிரயோசனம்?

மணவாள நகருக்குள் நுழையும்போது ஒரு ஆள் கையை நீட்டினார். பக்கத்தில் மூட்டை முடிச்சோடு ஒரு பெண்பிள்ளை, இடுப்பில் குழந்தை. பழக்கம், சடையப்பன் கால் தானாக பிரேக்கில் போய்விட்டது.

"டாக்ஸி மீஞ்சூருக்கு வருமா?"

வராது என்று சொல்ல வேண்டும். ஆனால் அவன் கை பழக்கத்தில் பின்கதவைத் திறக்கப் போயிற்று.

கெங்கம்மாள் பின்சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"வராதுங்க. இது டாக்ஸி இல்ல. எங்க ஊட்டு வண்டி."