நுரைப்பஞ்சில் சுற்றிக்கொண்ட கழுத்துப்பட்டி

சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அன்று ஷிஃப்ட் முடிந்து பாசிர் ரிஸ் வீட்டுக்கு வந்தபோது, மகன் தேர்வு முடிவு வாங்கப் பள்ளிக்குப் போயிருந்தான். எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. வேலை உடையோடு கார்பார்க்குக்கு இறங்கினேன். அங்கே என் கணவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"குடுங்க, பாலிஷ் நான் போடறேன்" என்று பாட்டரியில் ஓடும் பாலிஷ் மெஷினை வாங்கி ஓடவிட்டேன்.

மெஷின் முனையிலிருந்த நுரைப்பஞ்சு சுழலச் சுழல காரின் பானெட் பளபளத்தது. குனிந்து தேய்க்கும்போது பாக்கெட்டில் போன் அடித்தது. மகன்தான் என்று பதறி ஒரு கையை எடுத்தேன். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் பட்டி பஞ்சில் சுற்றிக்கொண்டு, என் முகத்தைச் சடாரென்று கீழே இழுத்தது. சுவிட்ச் கைக்கு அகப்படவில்லை. நல்லவேளை, இழுத்த வேகத்தில் பிடரிப் பக்கமிருந்த பிளாஸ்டிக் கொக்கி கழன்றுகொண்டது. கணவர் ஓடிவந்து பாட்டரியைப் பிடுங்கினார்.

"அதக் கழட்டிட்டு வரக்கூடாதா?" என்றார்.

போன் மறுபடி அடித்தது.

"அம்மா, கேட்ட கோர்ஸ் கிடைச்சிரும் லா. ஏம்மா பேசவே மாட்டேங்கிறீங்க?"

"சந்தோஷம்ப்பா" என்பதற்குள் மூச்சு வாங்கியது.

இப்போதெல்லாம் எதுவும் தொங்கவில்லையே என்று கழுத்தையும் கையையும் தடவிப் பார்த்து, போனை அவரிடம் கொடுத்த பிறகே மெஷினை ஓடவிடுகிறேன். மனம் பரபரக்கும் நாளில் அதைத் தொடுவதே இல்லை. துணி எடுத்துக் கையாலேயே தேய்க்கிறேன்.