ஆம்பூர் ஷூ கம்பெனியில் முப்பத்தேழாம் எண் கணினி

ஆம்பூருக்கு அருகே உள்ள ஒரு ஷூ கம்பெனியிலிருந்து சென்ற மாதம் எனக்கு அழைப்பு வந்தது. அலுவலகத்தில் அறுபத்திரண்டு கணினிகள், எல்லாவற்றிலும் பழைய விண்டோஸ். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்ற வேண்டும், திங்கள் காலை வேலை நிற்கக் கூடாது என்றார்கள். கணினிப் பராமரிப்புதான் என் தொழில். இதே வேலையாக அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவட்டுமே என்று எழுதுகிறேன்.

ஞாயிறு காலை 6.10க்கு வேலூர் புது பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் 45 ரூபாய். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் தூங்கிவிட்டேன். 7.25க்கு ஆம்பூரில் கண்டக்டர் எழுப்பிவிட்டார். அங்கிருந்து கம்பெனி நான்கு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூறு கேட்டார்.

"ஜாஸ்தியா சொல்றீங்களே?"

"ஞாயித்துக்கெழமை அந்த ரோட்ல ரிட்டர்ன் சவாரி கெடைக்காது மேடம். சரி, எம்பது குடுங்க, ஏறுங்க."

அறுபத்திரண்டு கணினிகளின் முன்னாலும் தனித்தனியாக உட்கார்ந்தால் ஒரு வாரம் ஆகிவிடும். அதனால் ஒன்றை மட்டும் கையால் தயார் செய்தேன்: புது விண்டோஸ், தமிழ் எழுத்துருக்கள், பிரிண்டர், ஏற்றுமதிப் பிரிவுக்கான மென்பொருள். மற்றவை நெட்வொர்க் வழியாக அதே மாதிரி தாமாகவே தயாராகிவிடும். இனி வரும் அப்டேட்களும் அப்படித்தான் போகும். கூடவே ஒரு சிறு நிரலும் எழுதினேன். அரை மணிக்கு ஒருமுறை அது எல்லாக் கணினிகளையும் சோதித்து, யாராவது எதையாவது மாற்றியிருந்தால் நான் வைத்தபடியே திருத்திவிடும்.

மாலை 5.40க்கு வேலை முடிந்தது. மேனேஜர் இம்தியாஸ் சார் மட்டும் விடவில்லை. "நாளைக்கு ஒரு தபா வந்துட்டுப் போங்க மேடம். ஏதாச்சும் பேஜார் ஆச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

தேவையில்லை என்றுதான் நினைத்தேன். ஆனாலும் போனேன்.

திங்கள் ஒன்பது மணிக்கு எல்லோரும் வேலையைத் தொடங்கினார்கள். ஒரு புகாரும் இல்லை. பதினொன்றரைக்கு, நிரல் செய்த திருத்தங்களின் அறிக்கையைத் திறந்தேன். முப்பத்தேழாம் எண் கணினியை மட்டும் நிரல் ஐந்து முறை திருத்தியிருந்தது.

இம்தியாஸ் சாரும் எட்டிப் பார்த்தார். "அது எஸ்தரம்மா சிஸ்டம் ஆச்சே. எதையாச்சும் நோண்டிக்கினு இருக்காங்களா?"

"பாத்துட்டு வர்றேன் சார்."

எஸ்தர், ஏற்றுமதிப் பெட்டிகளுக்கான பேக்கிங் லிஸ்ட் அடிப்பவர். ஐம்பது வயதிருக்கும். நான் போனபோது செல்போன் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்து, அதில் எழுத்தைப் பெரிதாக்கிப் படித்து, ஒற்றைக் கையால் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு மணிக்கு கன்டெய்னர் கிளம்ப வேண்டும். பாதி லிஸ்ட்கூட முடியவில்லை.

என்னைக் கண்டதும் போனை மடியில் மறைத்தார்.

"எழுத்து சின்னதா இருக்காக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். "பெருசாக்கி வெச்சா, கொஞ்ச நேரத்துல சின்னதாய்டுது. அஞ்சு தபா வெச்சிட்டேன். நான் தடுமாறுறது வெளிய தெரியணும்னு யாரோ வேணும்னே பண்றாங்கன்னு நெனச்சேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சுகர் கண்ணுல எறங்கிடுச்சும்மா. ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அந்த 'யாரோ' நான்தான். "நான் எழுதுன புரோகிராம்தான்க்கா அப்படிப் பண்ணுது. மன்னிச்சிடுங்க. இப்பவே சரி பண்றேன்."

அவர் கணினிக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கலாம். ஆனால் அறிக்கையில் அந்த எண் தனியாகத் தெரியும், ஏன் என்று கேட்பார்கள். அதனால் எழுத்தின் அளவை நிரலிலிருந்தே நீக்கிவிட்டு, அறுபத்திரண்டு திரைகளிலும் ஒரு கேள்வி வரும்படி செய்தேன்: "எழுத்து எந்த அளவில் வேண்டும்? சிறியதா, நடுத்தரமா, பெரியதா?" இம்தியாஸ் சாரிடம், "அவங்க மேல தப்பில்ல சார், நான் செஞ்சதுலதான் தப்பு" என்றேன்.

நிரல் அடுத்துச் சோதிக்கும் நேரமான பன்னிரண்டு மணிக்கு எஸ்தர் அருகில் போய் நின்றேன். 'பெரியது' என்று தேர்ந்தெடுத்துவிட்டு, மவுஸின் மேல் கையை வைத்தபடி திரை மூலையில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 12.01. எழுத்து மாறவில்லை. 12.02.

"நின்னுடுச்சு" என்றார். போனைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் அடிக்க ஆரம்பித்தார். கன்டெய்னர் 1.25க்குக் கிளம்பியது.

மாலையில் பார்த்தேன். 'பெரியது' என்று பதினான்கு பேர் கேட்டிருந்தார்கள். பெயர்களைத் திறக்கவில்லை. எஸ்தரிடம் எண்ணை மட்டும் சொன்னேன். "பதினாலா?" என்று இரண்டு முறை கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து அவரே போன் செய்தார். கண் விஷயத்தை மேனேஜரிடம் சொல்லிவிட்டாராம். "'ஆஸ்பத்திரிக்குப் போற நாளை முன்னாடியே சொல்லிடுங்க, வேற ஆள் போட்டுக்கறேன்'னாரும்மா. அவ்ளோதான். இதுக்கா ரெண்டு வருஷம் பயந்துக்கினு இருந்தேன்?"

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஞாயிறு பஸ் காலியாக இருக்கும். திங்கள் என்றால் ஆறு மணிக்கு முன்பே ஏறிவிடுங்கள். ஞாயிறு கேன்டீன் கிடையாது, சாப்பாடு கையோடு கொண்டுபோங்கள். பஸ், ஆட்டோ போக வர 250 ரூபாய். நிறுவுவதற்கு முன்பே, வேலை நாளில் ஒருமுறை இந்த 250 ரூபாயைச் செலவழித்துப் போய்வாருங்கள். நான் போகவில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, அவர் எப்படி வேலை செய்கிறார் என்று பாருங்கள். அதற்கு நிரல் எழுத முடியாது.