கழுத்தில் மாட்டிய பாஸ்

ஜெர்மனியில், லைப்சிக் தியேட்டர்களில் இடைவேளை கிடையாது. இந்திப் படத்தில் 'இடைவேளை' என்ற எழுத்து மட்டும் ஒரு நொடி திரையில் வந்து போகும். போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியக் காட்சியில், பழக்கதோஷத்தில் பாதி எழுந்து, அசடு வழிய உட்கார்ந்தேன்.

படத்தில் வீட்டோடு இருந்த ஒரு பெண் டாக்ஸி ஓட்டக் கிளம்புகிறாள். கியர் மாற்றத் தெரியாமல் அவள் திணறுவதற்கெல்லாம் ஒரே சிரிப்பு. கடைசியில் கணவன் கண்கலங்கி அனுமதி தருகிறான். அவள் காக்கிச் சட்டையைக் கழற்றாமலே சப்பாத்தி தேய்க்கப் போகிறாள். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். நானும்தான். கூட வந்திருந்த அலுவலகத் தோழி கார்லா தட்டவில்லை. அனுமதி கொடுத்ததால் அவனை டாக்ஸி முதலாளி என்று நினைத்துவிட்டாள்.

"முதலாளி ஏன் அழுதார்?" என்றாள்.

சிரித்தேன். முதலாளி இல்லை, கணவன் என்றேன்.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் நெய்வேலியிலிருந்து அம்மா போனில் கூப்பிட்டிருந்தாள். சுரங்க கேன்டீனுக்கு ஒப்பந்தக்காரர் ஒருவர் ஆள் எடுக்கிறாராம். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வரும் பெண்களோடு தானும் போகப் போவதாகச் சொன்னாள்.

"கழுத்துல மாட்ட பாஸ் குடுப்பாங்களாம்டி. என் பேரு, என் போட்டோ."

பின்னாலிருந்து, சுரங்கத்தில் நிரந்தர வேலையிலிருக்கும் அப்பா: "பர்மனென்ட் வூட்டுப் பொம்பளை கான்ட்ராக்ட் லைன்ல போய் நிக்கிறதா? நான் பிளாக்குல தலை நிமிந்து நடக்க வாணாமா?"

நெய்வேலி டவுன்ஷிப்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நம் ஊரில் ஆளின் பெயரைக் கேட்பதற்கு முன்பே பர்மனென்டா, கான்ட்ராக்டா என்றுதான் கேட்போம். ஆறாவது படிக்கும்போது ஒரு கான்ட்ராக்ட் வீட்டுப் பெண் நீட்டிய புளிசாதத்தை வேண்டாமென்று தள்ளியவள் நான். அதே வாயால்தான் அன்று அம்மாவிடமும் சொன்னேன்: "கான்ட்ராக்ட்லயா போவணும்? எனக்கே ஒருமாதிரி இருக்கும்மா."

"சரி, வெச்சிடறேன்" என்றாள்.

இதில் அருவருப்பு என்னவென்றால், என் வேலையே கான்ட்ராக்ட்தான். வருடத்துக்கு ஒருமுறை நீட்டிக்கிறார்கள். நீட்டிக்காவிட்டால் விசாவும் ஆட்டம் காணும். "பொண்ணு ஜெர்மனில பர்மனென்ட்டுங்க" என்று அப்பா பிளாக் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். நான் திருத்தவே இல்லை.

படம் விட்டதும் டிராம் நிறுத்தத்தில் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, நானும் இங்க கான்ட்ராக்ட்தான்."

"அடிப்பாவி. பாஸ் இருக்குதா?"

"இருக்கு."

"மாட்டிக்கினு போவியா?"

"பையில வெச்சிருப்பேன்."

"நான் மாட்டிக்கினுதான் போவேன். உங்கப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன். ரெண்டையும்."

இன்று காலை போட்டோ வந்தது. தலையில் கேன்டீன் தொப்பி, கழுத்தில் பாஸ், முறைப்பது போல ஒரு பார்வை. அம்மாவுக்குப் பின்னால் எங்கள் குவார்ட்டர்ஸ். அப்பா ரிட்டயர் ஆனதும் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய வீடு. பையைத் துழாவி என் பாஸை எடுத்தேன். அது முடியும் தேதி வெளியே தெரியும்படி கழுத்தில் மாட்டிக்கொண்டு டிராம் ஏறினேன்.