துரைசாணியிடம் துக்கம் கேட்ட கதை

பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட நாடகக் கொட்டகைகளில் நான் இருந்த நாட்கள் அதிகம். பின்னாளில் ஊர் ஊராகத் திரிந்தபோது டிக்கெட் கிழித்திருக்கிறேன், திரை இழுத்திருக்கிறேன், ஆள் குறைந்த ஒரு நாளில் யானையின் பின்னங்கால்களாகவும் இருந்திருக்கிறேன். ஆனாலும், நாடகம் பார்க்க வந்தவர்கள் மேடையேறி அதைத் தங்கள் வீட்டுக் காரியமாக எடுத்துக்கொண்டதை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில், உடும்பஞ்சோலைக்கு மேலே நாங்கள் இருந்த தேயிலை எஸ்டேட்டில் அது நடந்தது. எனக்கு எட்டு வயதிருக்கும்.

அப்போது எஸ்டேட் கணக்கிலிருந்து அம்மாவின் பேரை வெட்டியிருந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி கொழுந்து பறிக்கிற இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டாள் என்று கங்காணி கத்தியிருக்கிறார். அம்மா, அந்த வயிற்றைக் கங்காணியே ஒரு நாள் சுமந்துகொண்டு மலை ஏறிக் காட்டட்டும் என்று சொல்லிவிட்டாள். பெண்கள் சிரித்தார்கள். சிரித்ததுதான் வினை. பேர் போனால் வேலை போகும், வேலை போனால் லயம் என்கிற தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் எங்களுக்குக் கொடுத்திருந்த ஒற்றை அறையும் போகும். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். கீழே சொந்த ஊர் என்று ஒன்று இருந்தது. அங்கே எங்களுக்கு என்று எதுவும் இல்லை.

அப்பா அதற்கு முந்தின வருஷம், தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுகிற மலையில் மரம் சாய்ந்து இறந்துபோயிருந்தார். அவர் வைத்திருந்த கவாத்துக் கத்தி எஸ்டேட் சொத்து. கங்காணி திருப்பிக் கேட்டபோது அது காணாமல் போய்விட்டது என்று அம்மா சொன்னாள். கத்தி எங்கள் வீட்டுக் கூரைச் சந்தில், அப்பாவின் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. நான் ஒரு நாள் எடுத்துக் குச்சி சீவியபோது அம்மா கொடுத்த அடி இன்னும் நினைவிருக்கிறது. அவ்வளவு பழைய இரும்புக்கு இத்தனை கோபமா என்று நினைத்தேன்.

எங்களைக் காப்பாற்றும் பொறுப்பை மாமா ஏற்றுக்கொண்டார். அம்மாவின் அண்ணன். எஸ்டேட் மேனேஜரான பெரிய துரையின் பங்களாவில் பட்லர். பத்துப் பதினைந்து இங்கிலீஷ் சொற்களையும் ஒரு வெள்ளைக் கோட்டையும் வைத்துக்கொண்டு அந்த மலையில் மரியாதையாக வாழ்ந்தவர். துரையின் பெண்டாட்டியான துரைசாணியிடம் தங்கைக்காக மன்றாடியிருக்கிறார். துரையிடம் சொல்கிறேன், ஆனால் நான் போடுகிற நாடகம் முடியட்டும் என்று துரைசாணி சொன்னாளாம். நாடகம் நன்றாக முடிந்தால் தங்கச்சிக்கு வேலை, இல்லையென்றால் இல்லை என்று மாமா அதை விளங்கிக்கொண்டார். அதிலிருந்து நாடகம் துரைசாணியுடையதாக இல்லை, மாமாவுடையதாகிவிட்டது.

துரைசாணி அந்த வருஷம்தான் இங்கிலாந்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். பாட்டும் நாடகமும் அவளே எழுதியது. அவர்கள் நாட்டில் பூமிக்கு அடியில் போய் நிலக்கரி வெட்டுகிற கூலிக்காரர்களின் கதை. வழக்கமாக வெள்ளைக்காரர்கள் கிளப்பில் தங்களுக்குள் ஆடிப் பாடிக்கொள்வார்கள். இது தொழிலாளிகளைப் பற்றிய கதை, அதனால் தொழிலாளிகள் பார்த்தே ஆகவேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். மற்ற எஸ்டேட் துரைமார்களுக்கு அது பிடிக்கவில்லை என்று மாமா சொன்னார்.

அவர் சொன்ன இன்னொரு செய்தி தொப்பியைப் பற்றியது. நாடகத்துக்கு வேண்டிய கோடாலி, மண்வெட்டி, விளக்கு எல்லாம் எஸ்டேட் ஸ்டோரிலிருந்து எடுத்தார்கள். தொப்பி மட்டும் துரைசாணியின் சொந்தப் பெட்டியிலிருந்து வந்தது. கறுத்து, ஒரு பக்கம் நசுங்கி, பிச்சைக்காரன்கூட வாங்கமாட்டான் என்றார் மாமா. ஒத்திகை முடிந்ததும் அதை அவளே துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டுவாளாம். இவர் தேய்த்து வைக்கிறேன் என்று கை நீட்டியதற்கு, தட்டிவிட்டாளாம்.

கதை லயத்தில் பரவியபோது யாரும் நம்பவில்லை.

"வெள்ளைக்காரன் கூலிக்குக் கரி வெட்டுவானா? அப்ப வெட்டுன்னு சொல்லுதவன் யாரு?"

"அவனும் வெள்ளைக்காரன்தானாம்."

"போலே, கிறுக்குப் பயலே. வெள்ளைக்காரனை வெள்ளைக்காரன் வைவானா?"

மருந்தடிக்கிற கிழவர் ஒருவர் தீர்ப்புச் சொன்னார். "எல்லாம் மாறுவேசம்டா. ராசாதான் கூலிக்காரனா வாரான். கடைசி சீன்ல பாரு, கிரீடத்தோட நிப்பான்."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. கிரீடத்தைப் பார்க்கவே பாதிப் பேர் வருவதாக இருந்தார்கள்.

மாமாவின் கவலை வேறு. இங்கிலீஷ் நாடகத்தில் எங்கே கைதட்டுவது என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு வாரம் லயத்து முற்றத்தில் பயிற்சி கொடுத்தார். "நான் மேடைக்கு ஓரமா நிப்பேன். தோள்ல கெடக்கிற துண்டைக் கையில எடுத்தா எல்லாரும் தட்டணும். எடுக்கலைன்னா மூச்சுக் காட்டக் கூடாது." துண்டை எடுப்பார், தட்டுவார்கள். தோளில் போடுவார், நிறுத்துவார்கள். கடைசியில் கைக்குழந்தைகள்கூடத் துண்டைப் பார்த்துத் தட்டின. அம்மாவிடம் தனியாகச் சொன்னார்: "ஏட்டி, நீ கடைசி வரிசையில இரு. வாயைத் தொறந்துதான் பேரைத் தொலைச்சே. நாடகம் முடியற வரைக்கும் அதைத் தச்சு வச்சுக்கோ."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியை ஒழித்து மேடை போட்டிருந்தார்கள். முன்னால் நாற்காலிகளில் துரைமார்களும் அவர்கள் பெண்டாட்டிகளும். பின்னால் தரையில் நாங்கள். தகரக் கூரைக்குக் கீழே சூடு தாங்கவில்லை. மாமா வெள்ளைக் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, தோளில் துண்டோடு சிலை மாதிரி நின்றார்.

எங்களுக்குக் கதை சொல்ல, ஆபீஸில் கணக்கெழுதுகிற ரைட்டரை நிறுத்தியிருந்தார்கள். அவர் மலையாளி, கொஞ்சம் தமிழ் பேசுவார். துரைசாணி வாசற்படியில் நின்று நீளமாக ஒரு பாட்டுப் பாடினாள். முடிந்ததும் எல்லோரும் ரைட்டரைப் பார்த்தோம்.

"வீட்டில் அரி இல்லா," என்றார் ரைட்டர்.

நாடகத்தில் அவள் புருஷனாக வந்தவர் சின்னத் துரை, எஸ்டேட்டின் உதவி மேனேஜர். முகமெல்லாம் கரி. தலையில் அந்த நசுங்கின தொப்பி. அவர் அதைவிட நீளமாகப் பாடினார்.

"அதுதன்னே," என்றார் ரைட்டர். அதே விஷயம்தான் என்று அர்த்தம்.

அதன்பின் பாதி நாடகம் அதுதன்னேயிலேயே ஓடியது. ஆனால் எங்கள் ஆட்களுக்கு ரைட்டர் தேவைப்படவில்லை. வீட்டில் அரிசி இல்லாதது பார்த்தாலே தெரிகிற விஷயம்தானே. சுரங்க முதலாளி கைத்தடியோடு மேடைக்கு வந்தபோது மட்டும் ஒரு குழப்பம். பக்கத்து எஸ்டேட் மேனேஜர்தான் அந்த வேஷம். அவர் தலை தெரிந்ததும் பின்வரிசை முழுவதும் சட்டென்று எழுந்து, தலைத்துணிகளை அவிழ்த்துக்கொண்டு நின்றது. முதலாளியைப் பார்த்துக் கூலிக்காரர்கள் சீறுகிற கட்டமாம் அது. மேடையில் பத்துப் பேர் சீறினார்கள். கீழே முந்நூறு பேர் கைகட்டி நின்றோம். மேனேஜரும் பழக்கத்தில் எங்களைப் பார்த்து, உட்காருங்கள் என்று கைகாட்டினார்.

அப்புறம் சுரங்கம் இடிந்தது. சின்னத் துரையைப் பலகையில் தூக்கிவந்து மேடை நடுவில் கிடத்தினார்கள். தொப்பியைக் கால்மாட்டில் வைத்தார்கள். துரைசாணி உள்ளேயிருந்து ஓடிவந்து, பார்த்து, அப்படியே நின்றாள். பியானோ நின்றது.

மாமாவுக்கு நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டும். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

முந்நூறு பேரும் கைதட்டினோம். பயிற்சி அப்படி. இரண்டு பேர் விசில்கூட அடித்தார்கள். மாமா பதறிப்போய் நிறுத்தச் சொல்லித் துண்டை ஆட்டினார். ஆட்ட ஆட்ட இன்னும் பலமாகத் தட்டினோம். துரைசாணி எங்களை ஒரு பார்வை பார்த்தாள். அவள் வாய் பாட்டுக்காகத் திறந்திருந்தது, பாட்டு வரவில்லை.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து அம்மா எழுந்தாள்.

"எழவு வீட்டுல கையத் தட்டுதியளே, ஒங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல?"

கைகள் நின்றுவிட்டன. அம்மா மேடையை நோக்கி நடந்தாள். மாமா ஓரத்திலிருந்து, "ஏட்டி, உக்காரு! பேரு! ஒன் பேரு!" என்று தொண்டைக்குள்ளேயே கத்தினார். அவள் திரும்பவில்லை. நாற்காலி வரிசையைத் தாண்டி, பெரிய துரையைத் தாண்டி மேடையில் ஏறி, துரைசாணியின் கையைப் பிடித்தாள்.

"நின்னுக்கிட்டு அழக் கூடாது தாயி. உக்காரு."

பிடித்து இழுத்து உட்காரவைத்து, அவள் கொண்டையை அவிழ்த்து விட்டாள். தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள்.

*கருக்கலிலே போனியளே, கதவடைச்சுப் போகலியே,*
*வெறுங்கையா வந்தியளே, வெளக்கேத்த ஆளிலியே...*

ஒருத்தி தொடங்கிவிட்டால் மற்றவர்கள் சும்மா இருக்க முடியாது. அது மரியாதை இல்லை. ஐம்பது அறுபது பெண்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு மேடையேறிப் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து, தோளோடு தோள் சேர்ந்து ஆடி ஆடி அழுதார்கள். வெள்ளைக்காரிகள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெரிய துரை ரைட்டரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். இவர்கள் என்ன பாடுகிறார்கள் என்றுதான் கேட்டிருப்பார். ரைட்டரின் பதில் மிகவும் சிறியதாக இருந்தது. இங்கிலீஷில் அதுதன்னே என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

துரைசாணி முதலில் மரக்கட்டை மாதிரி இருந்தாள். பிறகு கால்மாட்டில் கிடந்த தொப்பியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள். அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதுவரை அவள் பாடிய எதைப்போலவும் அது இல்லை.

இதற்கிடையில் ஒரு கிழவியின் முந்தானை நுனி பிணத்தின் மூக்கில் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. சின்னத் துரை எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? மாடி அதிரத் தும்மினார்.

"அய்யோ, உசுரு இருக்கு! தண்ணி கொண்டாங்க!"

ஒருத்தி செம்புத் தண்ணீரை அப்படியே முகத்தில் ஊற்றினாள். கரி வழிந்து, பாதி முகம் வெள்ளையாக, சின்னத் துரை எழுந்து உட்கார்ந்து எல்லோருக்கும் நன்றி சொன்னார். துரைமார்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். மருந்தடிக்கிற கிழவர், "நான் சொல்லல? கிரீடம் வரும் பாரு," என்றார். சிரிக்காதவர்கள் மூன்று பேர். மாமா, சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அம்மா. அவள் தோளில் இருந்த துரைசாணி.

நாடகத்தில் அதற்குப் பிறகு ஒரு கல்யாணமும் நடனமும் இருந்ததாம். பெண்கள் விடவில்லை. தாலி அறுத்த கையோடு ஆடுவாளா என்று கேட்டார்கள். யாரோ ஒருத்தி கீழே ஓடி, எழவு வீட்டுக்காரிக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு தம்ளர் பால் ஊற்றாத கட்டன்சாயா கொண்டுவந்தாள். லயத்துத் தம்ளர், ஓரம் நெளிந்தது. துரைசாணி அதை இரண்டு கையாலும் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். முன்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாடகம் அத்தோடு முடிந்தது.

அன்று சாயங்காலம் அம்மா சட்டிபானைகளைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள். கூரைச் சந்திலிருந்த கத்தியை எடுத்து, சாக்கில் போடாமல் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

விடிகிற நேரத்தில் மாமா மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஏட்டி, கெளம்பு! பேரு கூப்பிடுற மஸ்டருக்குப் போ! ஒன் பேரைத் திரும்ப எழுதிட்டாங்க. தொரசாணி ராத்திரி சாப்பாடுகூடச் சாப்பிடல. சரின்னு சொன்னாத்தான் எழுந்திரிப்பேன்னு தொரை பக்கத்துலயே உக்காந்துட்டா." பிறகு கொஞ்சம் நிதானித்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் அந்த நேரம் பாத்துத் துண்டை எடுத்தேன் பாரு. அதுலதான் நாடகமே தூக்குச்சு."

அம்மா, கொழுந்து பறிக்கும்போது உடுத்துகிற சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டே சொன்னாள்: "அது நாடகம் இல்லண்ணே. அந்தப் புள்ளைக்கு நெசமாவே யாரோ செத்திருக்காக."

"கிறுக்கி. செத்தவன்தான் எந்திரிச்சுத் தும்முனானே!"

"தும்முன பொறவும் அவ அழுகை நிக்கலியே. அந்தத் தொப்பிய அவ பிடிச்ச பிடியப் பாத்தியா?"

மாமா சாட்சிக்கு என்னைப் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஏனென்றால் முந்தின நாள் கூட்டம் கலைந்ததும் நான் மாமாவோடு மேடைக்குப் பின்னால் போயிருந்தேன். அம்மா பார்க்காததை நான் பார்த்திருந்தேன்.

"யாரும் சாகலம்மா," என்றேன். "சின்னத் தொரை மேடைக்குப் பின்னால நின்னு கேக்கு தின்னாரு. நான் பாத்தேன். மீசையெல்லாம் க்ரீமு."

மாமா உருண்டு உருண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. தலைமாட்டில் கிடந்த கத்தியை எடுத்து, வேட்டித் துணியில் மறுபடி சுற்றி, கூரைச் சந்தில் பழைய இடத்தில் செருகினாள். கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இவ்வளவு கண்ணால் பார்த்த விஷயத்தை எடுத்துச் சொல்லியும் அம்மாவுக்கு ஏன் புரியவில்லை என்று, அவள் வளைவைத் தாண்டும்வரை வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.