உடைந்த மாத்திரை ஜாடி

நான்கு வயதில் சூம்பிப்போன காலோடு ஆறாவது மாடி வீட்டுக்கு ஏறி இறங்கப் பழகினான் தம்பி. நாற்பது பேர் வரிசையில் நின்ற வேலையை, எழுதப் படிக்கத் தெரியாமலே, கைவேகத்தைக் காட்டி வாங்கி, இடது கட்டைவிரலால் கைநாட்டு வைத்துச் சேர்ந்தான். அப்பாவை நாற்பத்திரண்டில் கொண்டுபோன சர்க்கரை நோயோடு நாற்பத்தெட்டைத் தொட்டான். இதில் ஒன்றைக்கூட அக்கா மறந்ததில்லை.

சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பு மாத்திரைகளை டப்பாவில் அடைக்கும் வேலை. உடைந்த மாத்திரைகளைத் தொழிலாளிகளே எடுத்துக்கொள்ளலாம், ஆளுக்கொரு ஜாடி. மாறிப்போகாமலிருக்க, அவன் ஜாடியில் அக்காதான் காகிதம் ஒட்டிப் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்தாள்.

முழு மாத்திரை என்றால் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் போடலாம். தூளை யார் எண்ணுவது? அவன் கரண்டியால் அள்ளினான். ஒரு நாளைக்கு எட்டு டீ.

"டேய், அது டீயா, பாகா?"

"இதுல சர்க்கரையே இல்லக்கா. எவ்வளவு போட்டாலும் ஒண்ணும் ஆவாது. சர்க்கரையை மிச்சம் பிடிச்சதுக்கு அந்தக் கேக்கை இப்படித் தள்ளு."

முதலில் ஐந்தாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினான். பிறகு நான்காவதில். போன மாதம் இரண்டாவது மாடியிலேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "செருப்பு வார் அவுந்துடுச்சுக்கா" என்றான். அக்கா குனிந்து பார்த்தாள். வார் இறுக்கமாகத்தான் இருந்தது.

ஜாடி மட்டும் வாராவாரம் காலியாகி, நிறைந்து வந்தது.

அந்த வியாழக்கிழமை காலை, தாடை வலிக்கிறது என்று உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை.

மருத்துவமனையில் டாக்டர் சொன்னார்: "இதயத்துக்குப் போற குழாய் ரெண்டு அடைச்சிருக்கு. இப்பவே ஆபரேஷன் பண்ணணும்."

"டீயில அள்ளிப் போடறானே, அந்த இனிப்பு மாத்திரைத் தூளாலயா டாக்டர்?"

"அதுமேல சந்தேகம் இருக்கு, ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்காங்க. அதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. சர்க்கரை நோய் ஒண்ணே போதும் இதுக்கு. கடைசியா எப்ப செக்கப்புக்கு வந்தாரு?"

அக்கா யோசித்தாள். ஆறு வருஷம். ஜாடி வீட்டுக்கு வந்தும் ஆறு வருஷம்.

நர்ஸ் படிவத்தையும் மைப்பெட்டியையும் நீட்டினார். தம்பியின் இடது கை முழுக்க ஊசியும் பிளாஸ்திரியும். கட்டைவிரல் கட்டுக்குள் இருந்தது. அக்கா பேனாவை எடுத்தாள்.

"இங்க குடுக்கா. என் நெஞ்சு, நான்தானே போடணும்."

"உனக்கு எழுதத் தெரியாதேடா!"

"ஜாடியில எழுதி வெச்சியே. தினம் எட்டுத் தடவை அதைத்தானே பாக்கறேன்."

எழுத்தெழுத்தாக வரைந்தான். அப்படியே அக்காவின் கையெழுத்து. ஒரு கோடு தப்பவில்லை. கட்டில் நகர்ந்தது, கதவு மூடிக்கொண்டது. அவன் எழுதாமல் விட்ட தேதியை அக்காவே நிரப்பினாள்: 12 அக்டோபர் 2023.