அன்டன் சொல்லச் சொல்ல அடித்த புரோகிராம்

போன சனிக்கிழமை ஒரு பழைய கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு, கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு த்ரீவீலரில் போனேன்.

மருதானையில் ரேடியோ திருத்தும் கடையொன்றில் கிடைத்தது. ரப்பர் கீபோர்ட். டிவியோடு கொழுவ வேண்டும். நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்து ‘வீட்டுக் கம்ப்யூட்டர்’.

சரி, சாமான் கிடைத்துவிட்டது... போட்டு விளையாட கேமுக்கு எங்கே போவது? அப்போது கேம் எல்லாம் கசெட்டில், சத்தமாகப் பதிந்து வந்தது. இப்போது அந்தக் கசெட்டுகளின் சத்தத்தையே யாரோ புண்ணியவான்கள் இன்டர்நெட்டில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். போனை வயரால் கொழுவி ஓடவிட்டால் போதும்.

எங்கள் வகுப்பில் அன்டன் வீட்டில் மட்டும்தான் இப்படி ஒன்று இருந்தது. என் பின்னேரங்கள் எல்லாம் அங்கேதான் கழிந்தன. போன வருஷம் அவனுக்குப் பாரிசவாதம் வந்து, ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இரண்டு தரம் பார்க்கப் போனேன். இரண்டு தரமும் நான் யார் என்றே அவனுக்குத் தெரியவில்லை.

“சும்மா காட்டத்தான் கொண்டு வந்தனான்” என்றேன், கொட்டாஞ்சேனையில் கதவைத் திறந்த அவன் மனைவி டெய்சியிடம்.

கம்ப்யூட்டரை அவர்கள் டிவியில் கொழுவி, போனை ஓடவிட்டேன். கீஈஈ... கர்ர்ர்... டெய்சி காதைப் பொத்தினாள். அன்டன் சட்டென்று திரும்பினான். திரையில் கேம் வந்தது. கொஞ்ச நேரம் பார்த்தான். தலையை ஆட்டினான்.

“இது... இல்ல. எங்கட.”

எங்கட கேம்! பதினைந்து வயதில் இரண்டு பேருமாக எழுதினோம் — துறைமுகத்துக்குள் கப்பலை மோதாமல் கொண்டுவருவது. வீடு மாறி மாறி அந்தக் கசெட் எப்போதோ போய்விட்டது. இன்டர்நெட்டில் அதை யார் ஏற்றுவார்?

“அது இல்லையே மச்சான். ஒரு வரிகூட எனக்கு ஞாபகமில்ல.”

“அடி” என்றான். “பத்து... பிரிண்ட்...”

அந்தக் காலத்துப் புரோகிராமில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நம்பர்; ‘பிரிண்ட்’ என்றால் திரையில் காட்டு. பத்து, இருபது, முப்பது... அவன் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். தேத்தண்ணியோடு வந்த டெய்சி அப்படியே நின்றுவிட்டாள்.

“அண்ணே, மகள்ட பேரே இவருக்கு வருதில்ல...”

மூளை எதை வைத்துக்கொள்ளும், எதை வீசும்? யாரைக் கேட்பது?

“நாப்பது... பேர் கேள்.” அடித்தேன். “அம்பது... பேர்... சிவா எண்டா... பிரிண்ட்...” நின்றுவிட்டான். நெற்றி சுருங்கியது.

“கழுதை.”

என் பேரைப் போட்டு, எனக்குச் சொல்லாமலே அன்று அவன் சேர்த்த வரி அது. அதற்காக ஒரு கிழமை அவனோடு நான் கதைக்கவில்லை!

அன்டன் திரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நல்ல கையை மெதுவாக என் பக்கம் நீட்டினான். “சிவா... நீ... கழுதை.”

டெய்சி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மிச்ச வரிகள் அவனுக்கு வரவில்லை. கப்பலும் வரவில்லை. இருந்ததை ஓட்டினேன். பேர் கேட்டது. ‘சிவா’ என்று அடித்தேன். திரை என்னைக் கழுதை என்றது. அன்டன் பாதி வாயால் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக மறுபடி அடித்தேன்... மறுபடியும்...

அன்று பின்னேரம் ஒன்பது தரம் கழுதையானேன் — பத்தாவது தரம், என் கையைத் தள்ளிவிட்டு, என் பேரை அவனே அடித்தான்.